கயிற்றில் இறங்கிய கடிகாரங்கள்

அத்தையின் மூக்கு பொல்லாத மூக்கு. முக்குளிப்புப் பள்ளியின் பின்புறம் கொடியில் தொங்கும் ரப்பர் சூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து மோந்து பார்ப்பாள். முகம் சுளித்தால் தீர்ந்தது. "இதைப் போட்டது யாரு? வரச் சொல்லு" என்று குரல் வரும். கடலுக்குள் சூட்டோடு சிறுநீர் கழித்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சோப்பையும் பிரஷ்ஷையும் வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போக வேண்டியதுதான். போன பருவத்தில் ஒரு வக்கீல் அகப்பட்டார்.

"தண்ணிக்குள்ள யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்" என்று நெளிந்தார்.

"எனக்குத் தெரியுது. அது போதும்."

வக்கீல் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆழத்தில் இறங்கப் பழக்கும் டீப் கோர்ஸின் பாதியிலேயே நின்றும்விட்டார். சூட்டைக் கழுவச் சொன்னதில் ரோஷம் வந்துவிட்டது என்று அத்தை நினைத்தாள். அப்படிப்பட்ட ஆள் நம் பள்ளியின் தேர்ச்சி அட்டையை வாங்காமல் போனதே நல்லது என்று, அதை ஒரு பெருமையாகவும் நாலு பேரிடம் சொல்லி வந்தாள்.

பள்ளியை ஆரம்பித்தது அவளும் அவள் தம்பியும். தம்பி இறந்துபோய்விட்டான். அவளுக்கோ காதில் அறுவை சிகிச்சை ஆன பிறகு தண்ணீருக்குள் தலையை முக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கீழே இறங்குவதெல்லாம் தம்பியின் மகன். மேலே இருந்து ஆளைப் பார்ப்பதும், கோர்ஸைத் தேர்ந்து கொடுப்பதும், முடித்தவர்களின் அட்டைக்கு ஒப்பமிடுவதும் அத்தை. தம்பி மகன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பாடம் படிக்க வருபவர்கள் எல்லாருக்குமே அவள் அத்தையாகிவிட்டாள். அவள் மேசைக்குப் பின்னால் சுவரில் தம்பி தன் கையால் எழுதிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. 'இங்கே கிடைக்கும் அட்டை, நீங்கள் போய்வந்த ஆழத்துக்கு மட்டும்.'

அந்தப் பலகைக்குக் கீழேதான் பல் டாக்டர் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

"அட்வான்ஸ்ட் கோர்ஸ் பண்ணணும் மேடம். அப்படியே மூணு நாலு ஸ்பெஷாலிட்டியும் சேர்த்துப் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

"கீழ உங்களுக்கு என்ன வேலை?"

எல்லாரிடமும் அத்தை முதலில் கேட்பது இதுதான். பல் டாக்டர் விழித்தாள். "வேலைன்னா?"

"பல்லு பிடுங்க வர்றவங்ககிட்ட எந்தப் பல்லுன்னு கேக்க மாட்டீங்களா? இருக்கறதை எல்லாம் சேர்த்துப் பிடுங்கிடுங்கன்னா, பிடுங்கிக் குடுத்துடுவீங்களா?"

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த மாதம் அவளும் அவள் தங்கையும் ஒரு படகுப் பயணம் போகிறார்கள். முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறதாம். டீப் அட்டை இல்லாதவர்களை அங்கே இறக்க மாட்டார்களாம். தங்கை வேறு ஊரில் எப்போதோ அட்டை வாங்கிவிட்டாள். ஆனால் பயந்த சுபாவம். அக்கா கூட இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் வருகிறாள்.

"இதுதான் வேலை. இப்ப சொன்னீங்களே, இது பேச்சு" என்றாள் அத்தை. "முதல்ல திசைகாட்டியை வெச்சுப் போய்த் திரும்பப் பழகணும். அப்புறம் ஆழம். ரெண்டும் கைக்கு வந்த பிறகுதான் கப்பல் பாடம். ராத்திரி டைவிங் உங்களுக்கு வேணாம். போட்டோ வேணவே வேணாம். கையில கேமரா இருக்கறவ காத்து எவ்வளவு மிச்சம்னு மானி முள்ளைப் பாக்க மாட்டா."

அந்த நேரம் பார்த்துத் தம்பி மகன் உள்ளே வந்தான். தொப்பியின் மேல் கறுப்புக் கண்ணாடி, வாயில் பபுள்கம், முதுகில் பெரிய எழுத்தில் 'ஆழம் எங்கள் ரத்தத்தில்' என்று அச்சடித்த பனியன். அந்த வாசகம் அத்தையுடையதுதான். வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லுவது. "எங்க குடும்பத்துல கீழ போய் பயந்து மேல வந்தவன் ஒருத்தன் கிடையாது. ஆழம் எங்க ரத்தத்துலயே இருக்கு." அதையே வேர்வை நாறும் பனியன் முதுகில் பார்க்கும்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அத்தை, நாலு ஸ்பெஷாலிட்டி காம்போ போட்டிருக்கோமே, சொன்னீங்களா? ரெண்டே வார விடுமுறையில முடிஞ்சிடும். பனியன் ஃப்ரீ."

"காம்போவா? இது என்ன ஓட்டலா? வாயில இருக்கறதைத் துப்பிட்டு வந்து பேசு."

அவன் துப்பவில்லை. பல் டாக்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். ஆனாலும் பாடங்கள் அத்தை சொன்ன வரிசையில்தான் முடிவாயின. ஒரு வங்கியில் வேலை செய்யும் கணவன் மனைவியும் அதே டீப் கோர்ஸில் சேர்ந்திருந்தார்கள். திசைகாட்டிப் பாடம் முடிந்ததும் மூவரையும் வார விடுமுறையில் தம்பி மகன் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை போய் வந்தார்கள். அன்றைக்கு சிலிண்டர் நிரப்புகிற ஆள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. வழக்கமாக அந்தச் சமயங்களில் தம்பி மகனே நிரப்புவான். அன்று அவன் சினிமாவுக்குப் போயிருந்தான். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்ப்ரசர் அறைக்குள் போனாள்.

முதல் சிலிண்டரில் அழுத்தமானியைப் பொருத்தித் திறந்தாள். முள் பாதியைத் தாண்டி நின்றது. மானி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எடுத்து மாட்டினாள். அதுவும் அங்கேதான் நின்றது. மற்ற இரண்டையும் பார்த்தாள். அதே கதை. தம்பி மகனின் சிலிண்டரில் காற்றைத் தொட்டதுபோலவே இல்லை.

முப்பது மீட்டரில் இழுக்கிற ஒரு மூச்சு, மேலே இழுக்கிற நாலு மூச்சுக்குச் சமம். அதுவும் முதல்முறை போகிறவர்கள் பயத்தில் காற்றைக் குடிகுடியென்று குடிப்பார்கள். முள் சிவப்பைத் தொடும் நேரத்தில்தான் மேலே வருவார்கள். இவர்கள் எங்கே போனார்கள்? அலமாரியில் இருந்த, இறங்கிய ஆழத்தைப் பதிந்து வைக்கும் ஆழக் கடிகாரங்களை எடுத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் முப்பது என்றன. கடிகாரம் ஒன்று சொல்கிறது, சிலிண்டர் வேறொன்று சொல்கிறது. சிலிண்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

 எப்படி என்று அத்தைக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் நாற்றம் அடித்துவிட்டது.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் படகுத்துறைக்குப் போய்ப் படகில் ஏறி, ஓட்டுகிறவன் நிற்கும் சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டாள். படகோட்டிக்கு மீசை என்றுதான் பெயர். உதட்டுக்கு மேல் அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு அவளைக் கண்டதும் நடுங்கினான்.

"அத்தை, இங்க டீசல் வாடை அடிக்கும். உங்களுக்கு ஆகாது."

"வாடை எனக்குப் பழக்கம்தான். நான் இருக்கேன்னு வாயைத் திறந்தே, அந்த மீசை உனக்கு மிஞ்சாது."

தம்பி மகன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கடைசியாக ஓடி வந்து ஏறினான். படகு புறப்படும் முன் தலைகளை எண்ண வேண்டும். முக்குளிப்பவனுக்கு அதுதான் முதல் பாடம், அவன் அப்பா அவனுக்கு நீச்சலுக்கும் முன்னால் சொல்லிக் கொடுத்தது. அவன் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஒரு தலை அதிகம் இருப்பது தெரிந்திருக்கும். "போ மீசை" என்று கையை மட்டும் ஆட்டினான். கதவிடுக்கு வழியாக அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறைத்திட்டின் விளிம்பில் நங்கூரம் போட்டார்கள். அங்கே படகுக்கு முன்பக்கம் குழந்தைகூட இறங்கலாம், அவ்வளவுதான் ஆழம். பின்பக்கம் தரை சரிந்து இருட்டுக்குள் போய்விடும். மூவரும் சூட்டை மாட்டிக்கொண்டு தயாரானார்கள். தம்பி மகன் ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டினான். மூவரும் கையிலிருந்த ஆழக் கடிகாரத்தைக் கழற்றி, கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோலச் சர்வ சாதாரணமாக அதில் போட்டார்கள். அவனும் தன்னுடையதைப் போட்டான். பிறகு அத்தனையையும் ஒரு கயிற்றில் கோத்தான். நுனியில் ஈயக்கட்டி கட்டினான். படகின் பின்பக்கம் போய், கயிற்றைக் கை கையாகக் கீழே விட்டான். கயிற்றில் முப்பது மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. முடிச்சு தண்ணீரைத் தொட்டதும் கம்பியில் கட்டினான்.

"கடிகாரம் டீப் டைவ் போயிடுச்சு. வாங்க, நாம மீன் பாக்கலாம்" என்றான்.

வங்கிக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

"இப்ப எத்தனை மீட்டர் இருக்கும் மருமகனே?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வெளியே வந்தாள்.

தம்பி மகனின் வாயிலிருந்த பபுள்கம் தானாகவே கீழே விழுந்தது. அத்தை அவனைத் தாண்டிப் போனாள். கட்டை அவிழ்த்து, கயிற்றைத் தானே இழுத்தாள். உதவிக்கு வந்த மீசையை ஒரு பார்வையில் நிறுத்தினாள். பாசி ஒட்டிய கயிறு அவள் புடவையெல்லாம் நனைத்தது. கடைசியில் கடிகாரங்கள் கொத்தாக மேலே வந்தன, சந்தையில் விலை போகாமல் அழுகத் தொடங்கிய மீன்களைப்போல. பொது இடத்தில் ஒருநாளும் துப்பாதவள், குனிந்து கடலில் துப்பினாள்.

"இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு டென்ஷன்?" என்றார் வங்கிக்காரர். "எல்லா இடத்துலயும் இப்படித்தானாமே. எங்களுக்கு அட்டை வந்தா சரி."

"நாளைக்கு நான் உங்க வங்கிக்கு வெறும் கவரைக் கொண்டு வர்றேன். உள்ள பணம் இருக்குன்னு கவர்மேல எழுதியிருக்கும். வரவு வெச்சுக்குங்க."

வங்கிக்காரரின் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அத்தை பல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கீழ போனா தலை சுத்தும், தேவையில்லாத ஆபத்து, கடிகாரத்துல பதிஞ்சா போதும்னு சொன்னாரு அத்தை. அந்த வேலை தெரிஞ்சவரு சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு..."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா? அக்கா கீழ போனதே இல்ல, அக்காவோட கடிகாரம்தான் போச்சுன்னு?"

பல் டாக்டர் மெதுவாக உட்கார்ந்து, காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்றத் தொடங்கினாள். "அவ கண்ணை மூடிட்டு என் பின்னாடியே வருவா" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

திரும்பி வரும் வழியெல்லாம் டீசல் வாடையும் பபுள்கத்தின் இனிப்பு வாடையும் சேர்ந்து அத்தைக்குக் குமட்டிக்கொண்டே வந்தது.

வீட்டில் தம்பி மனைவி விஷயம் கேட்டதும் முதலில் போய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அந்த மூணு பேரையும் கூப்பிட்டு, கடல் சரியில்லைன்னு சொல்லிப் பணத்தைத் திருப்பிக் குடுத்து அனுப்பிடலாம். முன்னாடி வாங்கிட்டுப் போனவங்க போனவங்கதானே? செத்துப்போன அவரு பேரு என்னாகறது? ஊரே சிரிக்கும்."

அத்தைக்கு அந்தப் பேச்சு புதிது இல்லை. குடும்பத்தில் யார் தடுக்கி விழுந்தாலும் வெளியே தெரியாமல் ஜன்னலைச் சாத்தியவள் அவள்தான். தம்பி மனைவிக்கே அதைப் பழக்கியவளும் அவள்தான். ஒரு நிமிடம் அவள் மனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. முன்னால் போனவர்கள் என்றால் யார் யார்? ஓட்டல் மேலாளர், அந்தப் புகைப்படக்காரர், கல்லூரியில் பாடம் எடுக்கும் அந்த அண்ணன் தங்கை. அவள் ஒப்பமிட்ட அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு இந்நேரம் எந்தக் கடலில் எந்த ஆழத்தில் இருக்கிறார்களோ.

"எதுக்குடா செஞ்சே? சோம்பேறித்தனமா?" என்று கேட்டாள்.

தம்பி மகன் சாப்பாட்டு மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அந்த வக்கீல் ஏன் பாதியில நின்னாருன்னு நெனச்சீங்க அத்தை? நீங்க சூட்டைக் கழுவச் சொன்னதுக்கா?"

"பின்ன?"

"கீழ கிட்டத்தட்ட முப்பது இருக்கும். எனக்கு நெஞ்சை அடைச்சுது. வாயில வெச்சு மூச்சு இழுக்கற என் ரெகுலேட்டர்ல காத்து வரலைன்னு தோணிச்சு. வந்துட்டுத்தான் இருந்துச்சு. நான் அவரு வாயில இருந்ததைப் பிடுங்கிட்டேன்." அவன் தலையைத் தூக்கவில்லை. "அவரு தண்ணியைக் குடிச்சு, தன்னோட இன்னொரு குழாயைத் தேடி எடுத்து வெச்சுக்கிட்டு, என்னையும் பிடிச்சு மேல கொண்டுவந்து விட்டாரு. படகுல ஒரு வார்த்தை பேசல. என் எச்சில் பட்ட ரப்பரைத் தண்ணி ஊத்திக் கழுவினாரு, போயிட்டாரு. அதுக்கப்புறம் என்னால அங்க இறங்க முடியல. பாறைத்திட்டு விளிம்பு வந்தாலே திரும்பிடறேன்."

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தைக்கு அந்த வக்கீலைப் பற்றி நாலு பேரிடம் தான் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"அன்னைக்கே ஏன்டா சொல்லல?"

"யாருகிட்ட? ஆழம் எங்க ரத்தத்துல இருக்குன்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொன்னது நீங்க. பனியன்லயும் போட்டாச்சு. எனக்கு மட்டும் வேற ரத்தம்னு நான் எங்க போய்ச் சொல்றது?"

"அப்படிச் சொல்லுடா" என்று தம்பி மனைவி அழுதாள். "சின்னப் பிள்ளை, பயந்துட்டான் அக்கா."

"பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பயந்தவன் பயந்துட்டேன்னு மேல வந்து சொல்லியிருந்தா, பனியனையெல்லாம் நானே கிழிச்சு சிலிண்டர் துடைக்கப் போட்டிருப்பேன். இவன் தான் போக பயந்த இடத்துக்கு ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை அனுப்பியிருக்கான். அது பயம் இல்ல. அதுக்குப் பேர் சொன்னா என் வாய் நாறும்." எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். "என் தம்பி பேரு கெடாம இருக்கணும்னா, இதை நாமதான் சொல்லணும். வேற எவனோ கடலுக்கடியில கண்டுபிடிச்சுச் சொல்லக் கூடாது."

அன்றே தொலைபேசியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "அத்தை பேசறேன். நாங்க குடுத்த டீப் அட்டை செல்லாது. தப்பு எங்களுது. வேற எங்கயும் ஆழத்துக்கு இறங்கிடாதீங்க, மறுபடி பாடம் எடுக்கணும்." ஓட்டல் மேலாளர் திட்டினார். புகைப்படக்காரர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். கல்லூரியில் பாடம் எடுக்கும் அந்த அண்ணன் மட்டும், "போன வாரம் ஒரு இடத்துக்குப் போய், கீழ என்னவோ மாதிரி இருக்குன்னு பாதியில மேல வந்துட்டோம் அத்தை" என்றான். அத்தையால் அதற்கு மேல் அந்த அழைப்பைத் தொடர முடியவில்லை.

மறுபடி பாடம் என்றால் எடுப்பது யார்? அவள் இறங்கக் கூடாது. அவன் இறங்க மாட்டான். படகுத்துறையில் அந்த ஆழத்துக்கு ஆள் கூட்டிப் போகிற இடம் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

எதிர்க்கடை. வாசலில் வண்ண மீன்கள் சுற்றும் கண்ணாடித் தொட்டி, உள்ளே பாட்டு, சுவர் முழுக்கப் பளபளக்கும் படங்கள். அந்தக் கடைக்காரரை மீன்தொட்டி என்று சொல்லிச் சொல்லியே படகுத்துறை முழுவதும் அவருக்கு அந்தப் பெயரை நிலைக்க வைத்தது அத்தைதான். அவர் கடைப் படியை அவள் மிதித்ததே இல்லை. பல் டாக்டரை ஒருபக்கம், தம்பி மகனை ஒருபக்கம் அழைத்துக்கொண்டு படியேறினாள். வங்கி ஜோடி வரவில்லை. கேள்வி கேட்காமல் அட்டை கொடுக்கும் இடமாகத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

மீன்தொட்டி எழுந்து நின்றார். கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டார். "அடடே, அத்தையா? வழி தவறி வந்துட்டீங்களா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். முப்பது மீட்டருக்கு நிஜமா இறங்கிப் பாடம் எடுக்கற ஆள் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கே, என் பொண்ணு. ஏன், உங்க வீட்டு ரத்தத்துக்கு என்ன ஆச்சு?"

பக்கத்தில் தம்பி மகன் குன்றினான். அத்தையின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"கடிகாரத்தைக் கயித்துல கட்டி இறக்கிட்டு, போனதாச் சொல்லிட்டோம். நான் ஒப்பமிட்டிருக்கேன். அட்டையெல்லாம் திரும்ப வாங்கறேன். அந்த ஆளுங்களுக்கு உங்க பொண்ணு பாடம் எடுக்கணும். இந்த டாக்டரம்மாவுக்கு முதல்ல, இவங்க பின்னாடி ஒரு தங்கச்சி வருது."

மீன்தொட்டி சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார். வாய்கூடப் பாதி திறந்திருந்தது. எதற்கோ அதை மூடிக்கொண்டு, பாட்டை நிறுத்தினார்.

"அந்தத் தம்பி எதுக்கு வந்திருக்காரு? துணைக்கா?"

"இல்ல. அவனுக்கும்தான். முதல் பாடத்துலேர்ந்து, புது ஆளா. அத்தை வீட்டுப் பிள்ளைன்னு பாக்க வேண்டாம். சூட்டைக் கழுவினானான்னு மட்டும் பாருங்க."

"நான் போகமாட்டேன் அத்தை" என்றான் அவன் மெதுவாக.

"அப்ப போகலைன்னு அவங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு. அதையும் நீ இதுவரைக்கும் சொன்னதில்ல."

அவன் சொல்லவும் இல்லை, நகரவும் இல்லை. உள்ளேயிருந்து மீன்தொட்டியின் மகள் வந்தாள். குட்டையான, கறுத்த, சிரிக்காத பெண். மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போய் நின்றாள்.

"சொல்லுங்க, அந்தக் கப்பல்ல உங்களுக்கு என்ன பாக்கணும்?"

அத்தை அங்கே நிற்கப் பிடிக்காமல் கடையின் பின்பக்கம் நடந்தாள். கொடியில் வரிசையாக ரப்பர் சூட்டுகள் தொங்கின. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கழுத்தோரம் பிடித்து இழுத்து மோந்தாள். அடுத்ததை மோந்தாள். கடைசிவரை மோந்துகொண்டே போனாள்.

சோப்பு வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. அத்தைக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை.